பந்து ரெண்டு, பொண்ணுங்க எட்டு: ஷூட்டிங் பழக அக்கா சொல்ற டிப்ஸ்

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் ஸ்கூல் கோர்ட்டில் பாஸ்கெட்பால் ஆட ஆரம்பிச்சிருக்கிற தங்கச்சிகளா, இது உங்களுக்குத்தான். நம்ம ஏரியான்னா கேரம், ஃபுட்பால், பாக்ஸிங்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா இந்திய மகளிர் பாஸ்கெட்பால் அணிக்கு கேப்டனா இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கின அனிதா பால்துரை நம்ம சென்னைப் பொண்ணு. அதனால இந்த ஆட்டம் நமக்குத் தூரம்னு நினைக்காதீங்க.

"எங்க கிட்ட பந்தே ரெண்டுதான் இருக்கு, எப்படிக்கா பழகுறது?"ன்னு கேப்பீங்க. ரெண்டு போதும். ஷூட்டிங்கைக் கூட்டமா பழகினாத்தான் மேட்சுக்கு உதவும். தனியா நின்னு போடும்போது பந்து ஏற்கெனவே உங்க கையில் இருக்கு. மேட்சில் அது பாஸா ஓடி வரும். அதைப் பிடிச்சு உடனே போடற பழக்கம் டீமோட ஆடினாத்தான் வரும்.

1. சரியான பந்து எடுங்க

பெண்களுக்கு 6-ஆம் நம்பர் பந்து. ஆண்கள் ஆடுற 7-ஆம் நம்பர் அதைவிடப் பெருசு, கனமும் கூட. சின்னப் பிள்ளைங்களுக்கு 5-ஆம் நம்பர். ஸ்கூலில் 7 மட்டும்தான் இருக்குன்னா ரிங்குக்கு ரெண்டடி கிட்ட வந்து போடுங்க. எட்டலைன்னு இடுப்பிலிருந்து வீசிப் பழகினா, அந்தப் பழக்கத்தை மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

2. கிட்டயிருந்து ஆரம்பிங்க

ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கு. முதல் பத்து நிமிஷம் ரிங்குக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்னு போடுங்க. கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு இருக்கட்டும். முட்டி மடங்கட்டும், பலம் காலிலிருந்துதான் வரணும். பந்து விரல்களில் உட்காரணும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. முழங்கை பந்துக்கு நேர் கீழே. இன்னொரு கை பக்கவாட்டில் தாங்கினா போதும், தள்ள வேண்டாம். போட்டு முடிச்சதும் மணிக்கட்டு ரிங்கைப் பார்த்து மடங்கி நிக்கட்டும்.

பந்தை உயரமா அனுப்புங்க. ரிங்கோட விட்டம் 45 செ.மீ., உங்க பந்தோட விட்டம் சுமார் 23 செ.மீ. மேலிருந்து இறங்கும் பந்துக்கு அந்த முழு வாயும் திறந்திருக்கும். தட்டையா போற பந்துக்கு அது ஒடுங்கிடும்.

3. ரெண்டு லைன் டிரில்

ஃப்ரீ த்ரோ கோட்டோட ரெண்டு முனையிலும் நாலு நாலு பேர் நில்லுங்க. லைனுக்கு ஒரு பந்து. முதல் ஆள் போட்டுட்டு, தன் ரீபவுண்டைத் தானே ஓடிப் பிடிக்கணும். தன் லைனில் அடுத்தவளுக்கு நெஞ்சு உயரத்தில் பாஸ் கொடுத்துட்டு, வெளிப்பக்கமா ஓடி எதிர் லைன் கடைசியில் சேரணும். ரெண்டு நிமிஷம் இப்படி ஆடுங்க.

இதில் மூணு விதி. பாஸ் வாங்குறவ பந்து வர்றதுக்கு முன்னாடியே முட்டியை மடக்கி, ரெண்டு கையையும் காட்டி நிக்கணும். ரீபவுண்ட் தரையில் ரெண்டாவது தடவை எகிறுறதுக்குள்ள கைக்கு வந்துடணும். விழுந்த கூடையை எல்லாரும் சத்தமா சேர்த்து எண்ணணும். யார் எத்தனை போட்டான்னு தனிக் கணக்கு கிடையாது, டீமுக்கு ஒரே கணக்கு. அந்த எண்ணை நோட்டில் எழுதி, அடுத்த நாள் அதைவிட ரெண்டு கூடுதலா போடப் பாருங்க.

புதுசா வந்தவ தவறவிட்டா முகம் சுளிக்காதீங்க. அவ வேகமா ரீபவுண்ட் எடுத்து நல்ல பாஸ் கொடுத்தாலும் டீம் கணக்கு ஏறும். அது அவளுக்குத் தெரியணும்.

4. ஃப்ரீ த்ரோ கடைசியில்

களைச்சு மூச்சு வாங்கும்போதுதான் ஃப்ரீ த்ரோ பழகணும். ஒரு கால்பகுதியில் எதிரணி நாலு டீம் ஃபவுல் பண்ணிட்டா, அஞ்சாவதிலிருந்து பெரும்பாலான ஃபவுலுக்கு உங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. அஞ்சு செகண்டுக்குள்ள போடணும். கோர்ட்டை ரெண்டு சுத்து ஓடிட்டு, ஆளுக்கு ரெண்டு போடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மூச்சு விட்டு, ஒரே மாதிரி பந்தைத் தட்டிட்டு போடுங்க.

5. காத்தும் தூசியும்

நம்ம பக்கம் மதியத்துக்கு மேல கடல்காத்து பந்தை இழுக்கும். தூர ஷாட்டைக் காலையில் வெச்சுக்கோங்க. சாயங்காலம் லே-அப்பும், போர்டில் பட்டு விழும் கிட்ட ஷாட்டும் பழகுங்க. கன்டெய்னர் லாரித் தூசி கோர்ட்டில் படிஞ்சிருந்தா வழுக்கும், முதலில் பெருக்கிடுங்க. பந்தையும் ஷூ அடியையும் ஈரத்துணியால் துடைங்க. காத்தில் கண்ணு எரியுற நெடி அடிச்சா அன்னைக்கு ஆட்டத்தை நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிடுங்க.

6. உடம்பையும் பாருங்க

உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைத் தண்ணியோ கையில் இருக்கட்டும். பீரியட்ஸ் நாளில் முடிஞ்சா ஆடலாம், வலி இருந்தா உட்கார்ந்து கணக்கு எழுதுங்க. இருட்டுறதுக்குள்ள முடிச்சு, சேர்ந்தே வீடு திரும்புங்க. எத்தனை மணிக்கு வருவீங்கன்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டா, நாளைக்கும் தடையில்லாம அனுப்புவாங்க.

வாரத்தில் மூணு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். நடுவில் விட்டுடாதீங்க. யாராவது ரெண்டு நாள் வரலைன்னா, அவ வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்க.