பணிப்பயிற்சியில் சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுத்தல்



பணிப்பயிற்சியில் சிறந்து விளங்கும் மாணவருக்குத் தனியாகப் பரிசு தருவது, தேர்வு மதிப்பெண்ணுக்குத் தரும் பதக்கத்தோடு ஒப்பிட்டால் மிகப் புதிய வழக்கம். படிப்பையும் வேலையையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரும் கூட்டுக்கல்வி முறையையே 1906-ல்தான் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கினார். முதல் அணியில் 27 பொறியியல் மாணவர்கள் இருந்தார்கள். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். இந்தியாவில் பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1973-ல் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இரண்டு மாதம், இறுதியாண்டில் ஐந்தரை மாதம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் பட்டப்படிப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வதையும் இதில் சேர்க்க வேண்டும்; பரிசுப் பட்டியல் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களை மறந்துவிடுகிறார்கள்.

பரிசின் அளவுகோலுக்குக் கனடா நல்ல முன்மாதிரி. அங்கே 1973-ல் தொடங்கிய தேசிய அமைப்பு ஒன்று, இன்று சீவில் கனடா என்ற பெயரில், ஆண்டுதோறும் சிறந்த கூட்டுக்கல்வி மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. வேலையில் காட்டிய திறன், படிப்பு, பொறுப்பு, நிறுவனத்துக்குச் செய்த பங்களிப்பு, சமூகப் பணி எல்லாம் கணக்கில் வரும். வாட்டர்லூ தன் ஆறு புலங்களுக்கும் தனித்தனியாகப் பரிசு வைத்திருக்கிறது. இப்படிப் பிரித்துத் தருவதில் நியாயம் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவரையும் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவரையும் ஒரே பட்டியலில் வைத்தால், ஊதியம் அதிகம் தரும் துறையே ஒவ்வோர் ஆண்டும் மேலே வந்து நிற்கும்.

மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் சிக்கல் மேற்பார்வையாளரின் மதிப்பீட்டுப் படிவம். பயிற்சி முடியும் நாளில் அவசரமாகக் கையெழுத்திட்டுத் தரப்படும் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் 'மிக நன்று' என்றே இருக்கும். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஒருவரைப் பற்றிப் பொதுவாக நல்ல எண்ணம் இருந்தால் அவருடைய ஒவ்வொரு தனிக்குணத்துக்கும் அந்த எண்ணத்தை ஒட்டியே மதிப்பெண் போடுவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-ல் இதை எழுதிக் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை அவர் ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கல்லூரிக்கு வந்து சேரும் படிவத்திலும் இதே கதைதான்: நன்றாக ஆங்கிலம் பேசி, நேரத்துக்கு வந்து, வணக்கம் சொல்லும் மாணவருக்குத் தொழில்நுட்பத் திறனிலும் முழு மதிப்பெண் விழும்.

ஆகவே எண்ணைவிடச் சம்பவத்தைக் கேட்பது பயன் தரும். மாணவர் வருவதற்கு முன்பு ஒரு மாதிரி நடந்துகொண்டிருந்த எந்த வேலை இப்போது வேறு மாதிரி நடக்கிறது? அவர் செய்த தவறு எது, அதை யாரிடம் எப்போது சொன்னார்? அவர் போன பிறகு அந்த வேலையை யார் பார்க்கிறார், அவருக்குப் புரியும்படி மாணவர் எழுதி வைத்துவிட்டுப் போனாரா? இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. தவறே செய்யாத மாணவர் பெரும்பாலும் வேலையே தரப்படாத மாணவர். தவறை மறைக்காமல் ஷிஃப்ட் முடிவதற்குள் சொன்னவரை எந்தப் பட்டறையும் மதிக்கும். இக்கேள்விகளுக்கான பதிலை எச்.ஆர். அலுவலகத்திடம் வாங்குவதில் அர்த்தமில்லை. ஃபோர்மேனிடமோ, பக்கத்து மேசையில் இருந்தவரிடமோ நேரில் போய்க் கேட்க வேண்டும். முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேச வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் பெயர் செய்யும் மயக்கம். பெங்களூரில் பன்னாட்டு நிறுவனத்துக்குப் போன மாணவர் திரையில் வைத்துப் பேச அழகான படங்களோடு வருவார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குப் போனவரிடம் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும். அந்த நோட்டில், எந்த மெஷினில் எந்தப் பாகம் ஏன் திரும்பத் திரும்பக் கழிக்கப்பட்டது என்று நாள்வாரியாக எழுதியிருந்தால், பெரிய நிறுவனத்துப் படங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். பார்க்க வேண்டியது, மாணவர் எங்கே தொடங்கினார், கிடைத்த வாய்ப்பில் எவ்வளவு தூரம் போனார் என்பது.

பணமும் இதில் சேர்ந்தது. இந்தியாவில் தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் வழிகாட்டுதலின்படி பொறியியல் மாணவர் பட்டப்படிப்புக் காலத்தில் 600 முதல் 700 மணி நேரம் பயிற்சியில் செலவிட வேண்டும். உதவித்தொகை தராத நிறுவனத்தில், வேறு ஊரில் விடுதி வாடகை கட்டிக்கொண்டு அந்த நேரத்தைச் செலவிட எல்லா வீட்டாலும் முடியாது. முடியாதவர்கள் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததைச் செய்கிறார்கள். சிலர் வேறு வழியில்லாமல் புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழைப் பரிசுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கியவரைக் கடிந்துகொள்வதோடு கல்லூரியின் கடமை முடியவில்லை. நல்ல இடம் தேடித் தராத கல்லூரி நல்ல மாணவரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவது அரைவேலை.

நிறுவன ரகசியம் தனிச் சிக்கல். மாணவர் எழுதிய நிரலையோ வரைந்த படத்தையோ வெளியே காட்ட ஒப்பந்தம் இடம் தராது. அந்த நிலையில் மாணவரை வற்புறுத்தித் தகவல் கேட்பது தவறு. காட்ட மறுத்ததற்காக மதிப்பெண் குறைப்பது அதைவிடப் பெரிய தவறு. மேற்பார்வையாளரின் கடிதத்தை ஏற்றுக்கொண்டு, வைவாவில் வேலையின் உள்ளடக்கத்தை விட்டு, அவர் முடிவெடுத்த முறையைக் கேட்கலாம்.

பரிசின் தொகை சிறியதாக இருப்பதே நல்லது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்தவர்களாகக் காணப்பட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. குழந்தைகளிடம் கண்டதை இருபது வயது மாணவர் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆனாலும் பயிற்சிக்குக் கிளம்பும் நாளிலேயே பரிசை ஆசை காட்டினால், பட்டறையில் கவனம் வேலையிலிருந்து விலகிப் படிவத்தின் மேல் போய்விடும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததுதான். அளவுகோலை எல்லோருக்கும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதைத் தினமும் நினைவூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஒரே ஒருவரை மேடையேற்றுவதும் கட்டாயமில்லை. வாட்டர்லூவைப் போலத் துறைக்கு ஒருவர் என்று வைக்கலாம். ஓர் ஆண்டு எந்தத் துறையிலாவது தகுதியானவர் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடும் துணிவு வேண்டும். மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேனையும் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு அந்தப் பட்டறை இரண்டு மாணவர்களைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

பரிசுச் சான்றிதழின் வாசகம் கடைசியாகக் கவனிக்க வேண்டியது. 'சிறந்த பயிற்சி மாணவர்' என்று மட்டும் அச்சிட்ட தாள், வேலை தேடிப் போகும் இடத்தில் எதையும் சொல்லாது. எந்த இடத்தில், என்ன வேலையில், எதை மாற்றினார் என்று இரண்டு வரி சேர்த்தால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி அந்த வரிகளிலிருந்தே வரும். விழாவுக்கான சான்றிதழ்கள் அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டு வரிகளை எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.