முத்துப்பிள்ளையும் உயிர்ப்பிள்ளையும்

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கிறதல்லவா? தாயின் கருப்பையில் வளர்வது என்ன என்பதையும் எதிரொலியே காட்டுகிறது. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயான் டொனால்டும் அவர் குழுவினரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி திறந்தது.

வினாடிக்கு 35 இலட்சம் அதிர்வுகள் கொண்ட கேளா ஒலியை எடுத்துக்கொள்வோம். உடல் திசுக்களில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர். ஆகவே, சில மில்லிமீட்டர் அளவுள்ள நீர்க்குமிழும் படத்தில் தெரியும்.

சில கர்ப்பங்களில் நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துப்போல் நீர்க்குமிழ்களாகப் பெருகிவிடும். இதுவே 'முத்துப்பிள்ளை'. முழு முத்துப்பிள்ளையில் குழந்தை உருவாவதில்லை. அதன் குரோமோசோம்கள் பொதுவாகத் தந்தையிடமிருந்து மட்டுமே வந்தவை. மிக அரிதாக, இரட்டைக் கர்ப்பத்தில் ஒன்று முத்துப்பிள்ளையாகவும் மற்றது இயல்பான குழந்தையாகவும் அமைந்துவிடுகின்றன.

அப்போது மருத்துவர் என்ன செய்வார்? முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வார். பகுதி முத்துப்பிள்ளை என்று வேறொரு வகை உண்டு. அதிலும் கரு தென்படலாம், ஆனால் அக்கருவில் 46-க்குப் பதிலாகப் பெரும்பாலும் 69 குரோமோசோம்கள் இருக்கும், அது பிழைக்காது. எனவே பனிக்குட நீரில் சிறிது எடுத்துக் குரோமோசோம்களைச் சோதிப்பார்கள்.

குழந்தை இயல்பானது என்று தெரிந்தபின்தான் கடினமான கேள்வி எழுகிறது: கர்ப்பத்தைத் தொடரலாமா? தாய்க்கு இரத்தப்போக்கும் கடுமையான இரத்த அழுத்தமும் வரலாம். குறைமாதப் பிரசவமும் நேரலாம். எஞ்சிய முத்துத் திசு பின்னர் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

2002-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இத்தகைய 77 கர்ப்பங்களை ஆராய்ந்தது. கர்ப்பத்தைத் தொடர விரும்பிய 53 பேரில் 20 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். தொடர்ந்ததால் பிற்பாடு புற்றுநோய் மருந்து தேவைப்படும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

தொடர்வதானால் இரத்த அழுத்தத்தையும் கேளா ஒலிப் படத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கர்ப்பத்தை முடித்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பின்னரும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனின் அளவைப் பல மாதங்கள் சோதிப்பார்கள். அது குறையாமல் நின்றாலோ மீண்டும் ஏறினாலோ மருந்து தருவார்கள். அநேகமாக எல்லாரும் குணமடைகின்றனர்.

53-இல் 20 என்பது நூற்றுக்குச் சுமார் 38. இது அதிகமா, குறைவா? கணக்கு இதற்கு விடை சொல்லாது. எதிரொலி உண்மையைக் காட்டும். மருத்துவர் அதை மறைக்காமல் விளக்குவார். முடிவு எடுக்க வேண்டியவர் அந்தத் தாய். அவருடைய இடத்தில் நின்று நீங்களும் சிந்தித்துப் பாருங்கள்.