கட்டி வெட்டும் நாள்வரை நாயைப் பராமரித்தல்

வளவுக்குக் காவலாக நிற்கும் நாய் சில மாதங்களாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. இரவில் படுத்த சாக்கிலேயே சலம் போய்விடுகிறது. வயிறு பானைபோலத் தொங்குகிறது. விலாவில் மயிர் கொட்டி, தோல் கடதாசிபோல மெலிந்துவிட்டது. நிழலில் கிடந்தாலும் மூச்சு இளைக்கிறது, பசியோ அடங்குவதில்லை. இவற்றோடு உடம்பில் ஓரிரு கட்டிகளும் தென்படுகின்றன. கட்டியை வெட்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணி மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறோம். அவரோ, "கட்டி இருக்கட்டும், முதலில் மற்ற வருத்தத்தைக் கட்டுப்படுத்துவோம்" என்கிறார். அவர் தட்டிக் கழிப்பதாக நினைக்கக் கூடாது.

மேற்சொன்ன அறிகுறிகள் பெரும்பாலும் குஷிங் நோயினுடையவை. 1932இல் மனிதரிடம் இந்நோயை விளக்கி எழுதிய அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங்கின் பெயரே இதற்கு இடப்பட்டது. சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அதிரனல் சுரப்பிகள் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அது அளவோடு இருந்தால் உயிர் காக்கும். மிஞ்சினால் தசை கரையும், ஈரல் பருக்கும், தோல் மெலியும், கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். தானாக வரும் நோய்க்கு, மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பியில் உண்டாகும் சிறு கட்டியே பெரும்பாலும் காரணம். சலரோகம், சிறுநீரக நோய் ஆகியவற்றிலும் நாய் அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதால் இரத்தமும் சலமும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சொறி, கடி என்று இந்த நாய்க்கு முன்பு ஏதாவது ஊசி போட்டீர்களா, குளிசை கொடுத்தீர்களா? பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்துகள் கோட்டிசோலின் வேலையையே செய்பவை. கடி உடனே நின்றுவிடுவதால் கைவசம் உள்ள குளிசையை மாதக் கணக்கில் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் மருந்தினாலேயே இந்நோய் வந்துவிடும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. மருந்து கொடுத்தவர் ஓர் ஊரில் இருக்கிறார், நோயைப் பார்ப்பவர் வேறோர் ஊரில் இருக்கிறார். ஆகவே பழைய துண்டு, வெறும் குளிசை மட்டை, எது மிஞ்சியிருந்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெட்டை நாய்க்குக் குட்டி போடாதிருக்க ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஊசி மருந்து முலைக் கட்டிகளை வளர்க்கக்கூடியது.

மருந்துதான் காரணம் என்று தெரிந்ததும் குளிசையை அன்றே எறிந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தபோது நாயின் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் சத்தி எடுத்து, சோர்ந்து, விழுந்து இறக்கவும் கூடும். வைத்தியர் சொல்லும் கணக்கில், வாரக் கணக்காகச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். தானாக வந்த நோயானால் ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து உண்டு. விலை கூடியது, சாப்பாட்டுடன் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் நாட்களில் நாய் சாப்பிட மறுத்தாலோ, சத்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ அடுத்த குளிசையைக் கொடாமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

இனிக் கட்டிக்கு வருவோம். கோட்டிசோல் மிகுந்த உடம்பில் வெட்டிய காயம் எளிதில் பொருந்தாது, தையல் விடும், சீழ் பிடிக்கும். குருதிக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் கத்தி காத்திருக்கிறது. எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டியதும் இல்லை. தோலில் சுண்ணாம்புக் கற்கள்போலக் கரகரப்பாகத் தட்டுப்படுபவை ஸ்டெரொயிட் மிகுதியால் சுண்ணாம்புச் சத்துப் படிந்தவை. மருந்து குறையக் குறைய அவையும் மெதுவாகக் கரையலாம். பிறப்புறுப்பில் பூக்கோவாபோல வளர்ந்து இரத்தம் கசிவது, நாய்க்கு நாய் இணையும்போது தொற்றும் கட்டி. வின்கிறிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறை சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் சுகமாகும். தோலின் கீழ் மெதுவாக அசையும் கொழுப்புக் கட்டி பொறுத்திருக்கும். முலைக் கட்டியை அப்படி விட முடியாது. நாய்களின் முலைக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றுநோயாகவே இருக்கின்றன.

ஆகவே காத்திருக்கும் நாட்களில் கட்டியை அளந்து வையுங்கள். ஒரு நூலைக் கட்டியின் குறுக்கே பிடித்து, அந்த நீளத்துக்கு வெட்டி, திகதியுடன் கொப்பியில் ஒட்டுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் வளர்வது கண்ணுக்குத் தெரியும். வேகமாக வளர்ந்தாலோ, வெடித்தாலோ, அடித்தசையோடு ஒட்டிக்கொண்டாலோ குறித்த நாள்வரை இருக்க வேண்டாம்.

தண்ணீரையும் அளக்கலாம். ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அது அதிகம். 15 கிலோ நாய் ஒன்றரை லீற்றருக்கு மேல் குடிப்பது நோயின் அடையாளம். சலம் போகிறதே என்று தண்ணீரை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். இது மிகவும் கெடுதி, நாய் வரண்டு போய்விடும். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். சாக்கை மாற்றிக் காயவைத்து, படுக்குமுன் ஒருமுறை வெளியே விட்டால் போதும். அதற்காக அடிப்பது வீண். அதனால் அடக்க முடியாது.

பசிக்கிறது என்று கேட்பதெல்லாம் போடாதீர்கள். சோற்றைக் குறைத்து அவித்த மீனோ முட்டையோ சேர்த்து, அளந்து இரண்டு வேளை கொடுங்கள். பொரித்த எண்ணெயும் கொழுப்பும் கணையத்தைக் கெடுக்கும். மெலிந்த தோல் சிறு முள்ளுக்கும் கிழியும். காயத்தில் இலையான் மொய்த்தால் புழு வைத்துவிடும் என்பதால் தினமும் உப்புத் தண்ணீரால் கழுவி மூடி வையுங்கள். நோவுக்கென்று மனிதருக்கான டைக்குளோபெனக், இபுபுரோபென் கொடுக்கக் கூடாது. ஸ்டெரொயிட்டுடன் சேர்ந்தால் வயிற்றில் புண் உண்டாகி இரத்தம் போகும்.

மாவட்டத்தில் வசதியில்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியபீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாமா என்று உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பெட்டை நாயானால் அதே மயக்கத்தில் கருப்பையையும் எடுக்கலாமா என்று விசாரிப்பது நல்லது. வெட்டும் நாளுக்கு முன்னிரவு சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்துவது, தண்ணீரை எப்போது எடுப்பது, அன்று காலைக் குளிசை கொடுப்பதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாயுடன் கொப்பியையும் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் பார்க்க விரும்புவது அதில் நீங்கள் எழுதியிருக்கும் குளிசைக் கணக்கைத்தான்.