விமான டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்காமல் இருக்க

விமானப் பயணம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் வருகிற கேள்வி, "எந்த ஆப்பில் டிக்கெட் குறைவு?" என்பதுதான். ஆப்புக்கு ஆப்பு உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு ரூபாய். அதுவும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேர்கிற 'கன்வீனியன்ஸ் ஃபீ'யில் கரைந்துபோகும். ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மாற்றிப் பார்க்க வேண்டியவை நாலு: நாள், திசை, விமான நிலையம், எத்தனை பேருக்குச் சேர்த்துத் தேடுகிறோம் என்பது. இவற்றில் ஒன்றையும் மாற்றாமல் பத்து ஆப்பைத் திறந்து பார்த்தாலும் அதே விலைதான் வரும்.

விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி தானாகவே விளங்கும். எகானமி வகுப்பு இருக்கைகளை நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து அடையாளம். கீழ்ப்படியில் உள்ள சில இருக்கைகள் விற்றதும் அடுத்த படியின் விலை திரைக்கு வரும். விற்பனை சூடாக இருந்தால் கீழ்ப்படிகளை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். மந்தமாக இருந்தால் மறுபடி திறப்பதும் உண்டு. அதனால்தான் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற இருவர் வேறு வேறு விலை கொடுத்திருப்பார்கள். பொழுது சாய்ந்தால் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கும். விமான இருக்கை நேர்மாறு. கடைசி நேரத்தில் வருபவர் அவசரத்தில் வருகிறார், சொன்ன விலையைக் கொடுப்பார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். இந்தியாவில் 1994க்குப் பிறகு கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்கின்றன. கொரோனாவை ஒட்டி 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்திருந்தது போன்ற காலங்கள் விதிவிலக்கு.

காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருந்தால், நாம் தேடியதைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் 'இன்காக்னிட்டோ'வில் போய்த் தேடுகிறார்கள். அந்தப் படியின் கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை டிக்கெட் போட்டால் மலிவு என்பதையும் விட்டுவிடலாம். செவ்வாய், புதனில் பயணம் செய்வதுதான் பெரும்பாலும் மலிவு.

குடும்பமாகப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு விமானத்தில் 9,200 ரூபாய்ப் படியில் 2 இருக்கைகள் மட்டும் மிச்சம், அடுத்த படி 11,600 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4 பேர் என்று தேடினால், நாலு இருக்கையும் ஒரே படியில் எங்கே கிடைக்கிறதோ அந்த விலையைத்தான் பல தளங்கள் காட்டும். 4 பேருக்கும் 11,600 வீதம் 46,400. அதையே முதலில் 2 பேர், பிறகு 2 பேர் என்று பிரித்துப் போட்டால் 41,600. ஒரே விமானம், ஒரே நேரம், 4,800 ரூபாய் மிச்சம். அதனால் எப்போதும் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, பிறகு எல்லோருக்கும். விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். ஆனால் பெற்றோரில் ஒருவரும் குழந்தையும் ஒரே முன்பதிவு எண்ணில் (பிஎன்ஆர்) இருக்க வேண்டும். 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் அல்லது பொறுப்பாளர் ஒருவருக்குப் பக்கத்திலேயே இருக்கை ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. குழந்தை தனியாக உட்கார்ந்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கைக்குத் தனிப் பணம் கட்ட வேண்டாம். பிரித்துப் போட்டால் ஒரு சங்கடமும் உண்டு: விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனியாகப் பேசி மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து திசை. தீபாவளிக்கு முன் சென்னையிலிருந்து மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி போகும் விமானங்கள் நிரம்பி வழியும். அதே விமானங்கள் சென்னைக்குத் திரும்பும்போது அந்த நெரிசல் இருக்காது. பண்டிகை முடிந்ததும் கூட்டம் அப்படியே திரும்பும். சென்னையில் மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும், மதுரையில் அப்பாவும் அம்மாவும் என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது பெரியவர்கள் சென்னைக்கு வந்து பண்டிகை கொண்டாடலாம். 4 பேர் உச்ச விலையில் பறப்பதற்குப் பதில் 2 பேர் சாதாரண விலையில் வந்துவிடலாம். வளைகுடாவுக்கும் இதே கணக்கு. அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஜூன் கடைசியில் துபாய், அபுதாபியிலிருந்து இங்கே வரும் டிக்கெட் எகிறும். ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து போகும் டிக்கெட் எகிறும். நம் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே வேலை செய்யும் அப்பாவிடம் அழைத்துப் போகிறவர்கள் மே மாதம் போய் ஜூன் முதல் வாரத்துக்குள் திரும்பிவிட்டால் அந்தக் கூட்டத்தில் சிக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று தள்ளிப்போட்டால், திரும்பும் டிக்கெட்டே போக வர ஆகும் செலவை விழுங்கிவிடும். ரம்ஜான், பக்ரீத் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வருவதால் அந்தத் தேதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க கூகுள் ஃபிளைட்ஸ் நல்ல கருவி. ஊரையும் ஊரையும் போட்டு நாட்காட்டியைத் திறந்தால் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் விலை தெரியும். பிடித்த தேதிக்கு விலைக் கண்காணிப்பைப் போட்டுவைத்தால் மாறும்போது மின்னஞ்சல் வரும். பார்ப்பது அங்கே, வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். எவ்வளவு முன்னதாக வாங்குவது? உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் போதும். வெளிநாட்டுக்கு இரண்டிலிருந்து நாலு மாதம். பொங்கல், தீபாவளி, டிசம்பர் விடுமுறை மட்டும் இதில் சேராது. அந்தத் தேதிகளுக்கு விற்பனை திறந்த உடனே வாங்கிவிட வேண்டும். விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். புது வழித்தடங்கள் அதை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். தொடக்கத்தில் விலை இறக்கமாக இருக்கும்.

விமான நிலையத்தை மாற்றிப் பார்ப்பது நம் மாநிலத்து எல்லையோர மாவட்டங்களுக்குப் பெரிய லாபம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். மதுரை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். கோவையிலிருந்து கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாச்சேரி 160 கிலோமீட்டர் அளவில்தான். கேரள விமான நிலையங்களிலிருந்து வளைகுடாவுக்கு விமானங்கள் அதிகம், போட்டியும் அதிகம். இரு நாடுகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் எந்த ஊருக்கு எந்த நாட்டு விமானம் வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை முடிவு செய்கிறது. அந்த வரம்பு இறுக்கமாக உள்ள ஊரில் பயணிகள் எவ்வளவு இருந்தாலும் விலை இறங்குவது கடினம்.

ஆனால் திரையில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை கூட்டுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பட்ஜெட் விமானம் 8,500 என்றும், சென்னையிலிருந்து முழுச்சேவை விமானம் 13,500 என்றும் காட்டுகிறது என்று கொள்வோம். ஸ்கூட், ஏர்ஏசியா போன்றவற்றின் அடிமட்டக் கட்டணம் கைப்பைக்கு மட்டும்தான். 25 கிலோ பெட்டிக்கு 3,500, சாப்பாட்டுக்கு 700 சேர்த்தால் 12,700. சென்னை டிக்கெட்டில் பெட்டியும் சாப்பாடும் உள்ளேயே இருக்கும். ஐயாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் எண்ணூறாகச் சுருங்கிவிட்டது. தாம்பரத்தில் இருப்பவர் இதைப் பார்த்துத் திருச்சிக்குப் போய் ஏறுவதில் அர்த்தமில்லை. தஞ்சாவூர்க்காரருக்கோ கிளாம்பாக்கம் வரை பேருந்து, அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு வண்டி, இடையில் ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் திருச்சிதான் லாபம். பெட்டி எடையை டிக்கெட் போடும்போதே வாங்குங்கள், கவுன்ட்டரில் வாங்குவதுதான் மிக அதிக விலை. போகவும் வரவும் ஒரே எடை வாங்க வேண்டும் என்பதில்லை. சுமை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மாணவர், மூத்த குடிமக்கள் சலுகைக் கட்டணத்தைச் சாதாரண விலையோடு ஒப்பிட்டே எடுங்கள். சலுகை விலையே அதிகமாக இருக்கும் நாட்களும் உண்டு.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத்தான் மடியில் வைத்துப் போகும் கட்டணம். அந்தப் பிறந்தநாள் ஊரில் இருக்கும்போது வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே திரும்ப முடியுமா என்று பாருங்கள்.

இரண்டு விஷயங்களில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய பணம் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேறு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்குவது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட, அந்த நாட்டுக் குடிவரவைத் தாண்ட வேண்டியிருக்கும். அதற்கு விசா தேவையா என்றும் பார்க்க வேண்டும். பெரியவர்களைத் தனியாக அனுப்பும்போது இந்த வழி வேண்டவே வேண்டாம். மற்றொன்று, மதுரை–சென்னை–லண்டன் என ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று நேராகச் சென்னையில் போய் ஏற நினைப்பது. முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் தானாக ரத்தாகிவிடும், திரும்பும் டிக்கெட் உட்பட.

ஊரில் துக்கம், மருத்துவமனை என்று திடீரென்று கிளம்ப வேண்டியவர்களுக்கு மலிவு டிக்கெட் என்று ஒன்று இருக்காது. ஆனாலும் ஒரு ஊரை மட்டும் பார்த்து நிற்காமல் சென்னை, திருச்சி, மதுரை, கோவை, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூரு என்று எல்லாவற்றையும், கொழும்பு வழியையும் பாருங்கள். முழுச்சேவை நிறுவனங்களில் ஒருவழி டிக்கெட் சில சமயம் போக வர டிக்கெட் அளவுக்கே இருக்கும். இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மைல் புள்ளிகள் இருந்தால் இப்படிப்பட்ட நாளுக்குத்தான் அவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் அடிக்கடி போய் வந்தும் அதன் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேராத குடும்பங்கள் நம்மிடையே நிறைய. சேர்வது இலவசம், மைல்கள் 3 ஆண்டு வரை நிற்கும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கு உள்ள தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும்; டிக்கெட்டில் இனிஷியலோடு போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். ஒற்றைப் பெயர் என்றால் அந்த நிறுவனம் எப்படி எழுதச் சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தவறு நேர்ந்தாலும், நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கி 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால் அதே நபரின் பெயரைத் திருத்தக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது டிஜிசிஏ விதி. வாங்கிய உடனேயே ரத்து செய்யவும் தேதி மாற்றவும் சலுகை உண்டு, பயணத் தேதி மிக நெருக்கத்தில் இல்லாவிட்டால். டிக்கெட் போட்ட அன்று இரவே வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்டிடம் எடுப்பது தவறில்லை. ஆனால் கையில் வருவது வெறும் பிஎன்ஆரா, டிக்கெட்டா என்று பாருங்கள். பணம் கட்டாமலே இடம் பிடித்து பிஎன்ஆர் உருவாக்க முடியும். பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் என்றால் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618 என்று தொடங்கும். அந்த எண் இல்லையென்றால் இன்னும் டிக்கெட் ஆகவில்லை. பட்ஜெட் விமானங்களுக்கு நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு, உறுதி, பணம் செலுத்தப்பட்டது என்று வருகிறதா என்று சரிபாருங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்து, ஓடிபி சொல்லிப் பணத்தை இழப்பவர்கள் குறையவில்லை.

கடைசியாக, போக முடியாமல் போன டிக்கெட். 'நான்-ரீஃபண்டபிள்' என்று எழுதியிருக்கிறதே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடிப்படைக் கட்டணம் போனாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விமானத்தைத் தவறவிட்டவருக்கும் இது பொருந்தும். நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைக் கொடுத்து வரித்தொகையைக் கேளுங்கள். ஏஜென்டிடம் எடுத்திருந்தால் அவர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் பதியலாம். நாலு பேர் குடும்பத்தின் வெளிநாட்டு டிக்கெட்டில் இந்த வரித்தொகை மட்டுமே சில ஆயிரங்கள் வரும்.