ஃபயர்வாலை அணைக்காமலே பிரிண்டரை ஓட்டலாம்

காரியாபட்டியிலும் சுற்று ஊர்களிலும் ஜெராக்ஸ் கடைக் கணினிகளைச் சரிபார்க்கப் போவது வழக்கம். பல கடைகளில் விண்டோஸ் ஃபயர்வால் அணைந்தே கிடக்கும். காரணம் கேட்டால், "ஆஃப் பண்ணாத்தாண்ணே பிரிண்டர் வேலை செய்யுது" என்பார்கள். பட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் என்று ஊர்க்காரர்களின் ஆவணங்களெல்லாம் ஸ்கேனாகிக் கிடக்கும் கணினி அது. மடையைத் திறந்தால் போதும் என்கிற இடத்தில் கண்மாய்க் கரையையே வெட்டிவிடுகிறோம்.

ஒரு கணினியில் மாட்டிய பிரிண்டரை இன்னொரு கணினி பயன்படுத்த 445ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது இதே வழியில்தான். கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனால் விண்டோஸ் அப்டேட்டை முடித்த பிறகே மற்ற வேலையில் கைவைப்பேன்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. கடையின் சொந்த ரூட்டருக்கு மட்டும் 'பிரைவேட்' நெட்வொர்க். வெளியிடத்து வைஃபை எதுவானாலும் 'பப்ளிக்'.

2. ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' வரிக்கு பிரைவேட்டில் மட்டும் டிக். பப்ளிக் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

3. இன்னும் இறுக்க, 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே 'இன்பவுண்ட் ரூல்ஸ்' போய், அந்த ஷேரிங்கின் எஸ்எம்பி (445ஆம் போர்ட்) விதியில் 'ஸ்கோப்' பகுதியைத் திறந்து, அடுத்த கணினியின் ஐபி முகவரியை மட்டும் கொடுப்பேன். அந்த முகவரி மாறாதபடி ரூட்டரிலும் நிலைப்படுத்திவிடுவேன்.

4. அப்படியும் ஏதாவது மென்பொருள் ஓடவில்லையென்றால், அதே 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் சிவப்புக் குறியோடு தடை விதி இருக்கிறதா என்று பார்க்கவும். எப்போதோ வந்த அனுமதிக் கேள்விக்கு யாராவது 'கேன்சல்' கொடுத்திருந்தால் விண்டோஸ் தானே தடை எழுதி வைத்திருக்கும். அனுமதி விதியும் தடை விதியும் சேர்ந்திருந்தால் தடைதான் செல்லும். எத்தனை முறை அனுமதித்தாலும் பயனில்லை. அந்தத் தடையை நீக்கினால் சரியாகிவிடும்.

ஒன்றைக் கடைக்காரர்களிடம் அழுத்திச் சொல்வேன். வெளியிலிருந்து அழைப்பில்லாமல் வருவதைத்தான் ஃபயர்வால் இயல்பாகத் தடுக்கிறது; உள்ளிருந்து வெளியே போவதை விட்டுவிடும். போனில் யாரோ சொன்னார்கள் என்று திரையைப் பார்க்கும் செயலியை நாமே நிறுவினால் ஃபயர்வால் காப்பாற்றாது. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டி, கடைக்காரர் கையாலேயே அடுத்த கணினியிலிருந்து ஒரு தாள் அச்செடுக்கச் சொல்வேன். இரண்டும் சேர்ந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை மறுபடி அணைப்பதில்லை.