கிதாரில் கமகம் வருமா?

"கிதார் வெளிநாட்டுச் சாமான், அதுல ராகம் வராது" என்று ஒருவர் சொல்ல, சர்ச் பாட்டுக்குழுவில் கிதார் வாசிக்கும் நம் வகுப்புத் தோழனின் முகம் வாடிப்போச்சு. அவனுக்காகத்தான் இந்தப் பாடம்.

ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பு படித்தவர்; ராக் குழுக்களில் வாசித்தவர். கர்நாடக சங்கீதத்தை கிதாரிலேயே வாசிக்கிறார். 2006-ல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். அமெரிக்க ராக் கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு (1942–1970) அஞ்சலி அது. ஹென்ட்ரிக்ஸின் 1968 ஆல்பம் 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்'. பேரிலேயே புரியுதுல்லா? அதில் ஒரு பாட்டின் தலைப்பில் நம்ம திருவல்லிக்கேணியும் உண்டு!

சரி, கமகம் எப்படி வருது?

1. இழுப்பு: தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடும், அதிர்வெண் கூடும், சுரம் ஏறும். வீணையிலும் இதுதான், ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததிலும் இதுதான்.

2. வழுக்கல்: அழுத்திய விரலை எடுக்காமல் நகர்த்தினால் அதிரும் நீளம் குறையும், சுரம் ஏறும். நீளம் பாதியானால் 'ச', மேல் 'ச' ஆகும்.

ஆகவே ராகம் இருப்பது விரலிலும் காதிலும். மக்கா, கிதாரை மூலையில வச்சிராதே!

கேள்வி: இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் எத்தனை மடங்கு?
(விடை: 2 மடங்கு)