கயிற்றின் இழையை அறிதல்

அந்தமானில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறையில், தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது கைதிகளின் கடும் பணிகளுள் ஒன்றாக இருந்தது. அந்நார் இயற்கை இழை, நாளடைவில் மட்கிவிடும். தீவுகளின் கரைகளில் இன்று ஒதுங்கும் செயற்கை இழைக் கயிறுகளோ நெடுங்காலம் மட்காதவை; கடலாமைகள் அவற்றில் சிக்கி மாளவும் கூடும். ஆதலின் இழையை இனங்காணுதல் இன்றியமையாதது. அதற்கு எளிய சோதனைகள் மூன்று.

1. எரித்தல்: சிறு இழையை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுக. அருகில் நீர் இருத்தல் வேண்டும். தேங்காய் நார் உருகாது. காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். நைலான், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் ஆகியவை சுருங்கி உருகும். ஆறியபின் கெட்டியான மணியாகும்.

2. மிதத்தல்: உருகிய வகையின் இழையைச் சோப்பு நீரில் அமிழ்த்திக் காற்றுக் குமிழிகளை நீக்குக. பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.91, அது மிதக்கும். நைலான் (1.14), பாலியெஸ்டர் (1.38) இரண்டும் மூழ்கும்.

3. கரைத்தல்: மூழ்கிய இழையை ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில், அடர் பார்மிக் அமிலத்தில் இடுக. நைலான் கரையும், பாலியெஸ்டர் கரையாது.

கலப்புக் கயிறுகள் ஏமாற்றக்கூடும். முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் தனித்தனியே சோதித்த பின்னரே முடிவு கூறுதல் முறையாகும்.